பதினோராவது லென்ஸ்

நூற்று நாற்பத்தேழாவது லென்ஸ் என் கையில் இருக்கிறது, இன்னும் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. வளையத்தின் காம்பில் வெட்டியிருக்கும் எண்ணை நகத்தால் தடவிப் பார்த்தாயிற்று, ஒரு திசையில் மட்டும் பவர் இருக்கும் சிலிண்டர் வரிசை, நான்காவது ஜோடி, பிளஸ் ஒன்று. வாயால் ஆவி ஊதித் துடைத்தாயிற்று, இன்னொரு முறையும் துடைத்தாயிற்று, மூன்றாவது முறை துடைத்தால் அது துடைப்பது ஆகாது, தள்ளிப்போடுவது ஆகும். இனி இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி இதைப் பிடித்து, எதிர்ச்சுவரில் நான் ஒட்டிவைத்திருக்கும் வெள்ளை அட்டையின் சிலுவைக் கோட்டை இதன் வழியே பார்க்க வேண்டும். லென்ஸை மெதுவாக அசைத்தால் கோடும் அசையும். பிளஸ் என்றால் கை போகும் பக்கத்துக்கு எதிராக ஓடும், மைனஸ் என்றால் கையோடு கூடவே வரும். அதற்கு எதிரான லென்ஸை என் பெட்டியிலிருந்து எடுத்து மேலே வைத்தால் கோடு அசையாமல் நின்றுவிடும், அப்போது காம்பில் உள்ள எண் சரி என்று அர்த்தம். நாற்பத்தெட்டு வருடமாக நான் செய்துவரும் வேலை இவ்வளவுதான், எட்டாம் வகுப்பு மட்டுமே படித்துக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தவளுக்கு இது போதும், மிஷின் வந்த பிறகும் கை இதைத்தான் நம்பியது. நல்ல லென்ஸில் கோடு ஓடும், சாயும், ஆனால் நேராகவே இருக்கும். நெளிந்த லென்ஸில் கோட்டின் நடுவில் ஒரு முடி விழுந்தது போல வளையும். அப்படி வளைந்தால் நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘நெ’ என்று எழுதுவேன். இதுவரை பத்து ‘நெ’. பிளஸ் வரிசையில் மூன்று, மைனஸ் வரிசையில் ஒன்று, அதற்குப் பிறகு சிலிண்டரில் தொட்டது ஆறு, ஆறும். வரிசையாக ஆறு. ஒரே கம்பெனி, ஒரே அரைப்பு, ஒரே வெல்வெட் குழியில் எழுபது வருடம் வெயில் படாமல் இருந்தவை, ஆறும் எப்படி நெளியும். எப்படியாவது நெளிந்திருக்கும். ஈரமாக இருக்கும். ஈரத்துக்குக் கண்ணாடி நெளியாது, எனக்குத் தெரியும், இருந்தாலும் ஈரமாக இருக்கட்டும்.

கூடத்தில் வயலட் டீச்சர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. இந்த வீடும் இந்த அறையும் அவளுடைய அண்ணன் டாக்டர் ஆசீருடையவை, பாளையங்கோட்டையில் முப்பது வருடம் கண் பார்த்தவர், அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதம் மாடி வீட்டுக்குப் போகிறாள், அங்கே இந்த அலமாரி நுழையாது. அலமாரியை வந்தவுடன் பார்த்து முடித்துவிட்டேன். தேக்கு, ஒன்பது இழுப்பறை, மேலே சுருள் கதவு, அதன் பட்டிகள் நாற்பத்திரண்டு, ஒன்றும் மாற்றியதில்லை. ஆணி எல்லாம் ஒற்றைப் பள்ளம் வெட்டிய பழைய பித்தளைத் திருகாணி, பின்பலகையில் மட்டும் இரண்டு புது ஆணி, அதையும் எழுதிவிட்டேன். மரத்தை விரல் பார்த்துவிடும், தட்டினால் காது பார்த்துவிடும், அதனால்தான் அலமாரி பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்ததோ என்னவோ. பிறகு ட்ரையல் பெட்டியைத் திறந்தேன். நோயாளி மூக்கில் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இப்ப எப்படி இருக்கு, இப்ப எப்படி இருக்கு என்று கேட்பார்களே, அந்தப் பெட்டி. மொத்தம் இருநூற்று நாற்பத்தாறு. பிளஸ் எழுபது, மைனஸ் எழுபது, சிலிண்டர் எண்பது, பிரிசம் பதினான்கு, கருப்புத் தட்டும் ஊசித்துளைத் தட்டும் நிறக் கண்ணாடிகளும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒன்றும் தொலையவில்லை. எண்ணி முடித்தபோது எனக்குக் கோயில் படியேறி முடித்தது போல இருந்தது. “ஏட்டி கிருபை, லென்ஸை எண்ணுதியா, மொளகாயைக் காயப் போட்டு எண்ணுதியா? சத்தமே இல்ல” என்று டீச்சர் கூடத்திலிருந்து கத்துகிறாள். “பாக்குதேன் டீச்சர்” என்று சொல்கிறேன். டீச்சருக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபத்தாறு, தெருவில் பார்த்தாலும் அவள் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள், அதில் எனக்குக் கோபம் இருந்ததில்லை. “மெதுவாப் பாக்கட்டுங்க டீச்சர், கிருபையம்மா டிக் போட்டாப் போதும், நான் பெட்டியத் தொறந்துகூடப் பாக்கறதில்லீங்க” என்கிறார் நாகமாணிக்கம். அவர் கோயம்புத்தூர். பழைய கண் ஆஸ்பத்திரிச் சாமான்களைத் தேடி வாங்கி ஒரு பெரிய கூடத்தில் அடுக்கிவைத்திருக்கிறார், இதுவரை அவருக்காகப் பதினேழு பெட்டி பார்த்திருக்கிறேன். திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று அவர் சொல்லும்போது முன்பெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும், முந்தானையைச் சரிசெய்துகொள்வேன். இன்றைக்குக் கை போய் நோட்டில் உள்ள பத்து ‘நெ’யையும் மறைக்கிறது.

ஏனென்றால் சேகரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பத்து லென்ஸ் வரை பழுதென்றால் பெட்டி பெட்டியாகவே போகும், பழசில் பத்து போவது சகஜம் என்பார்கள். பதினொன்று ஆனால் பெட்டியை உடைத்துவிடுவார்கள். வளையம் பித்தளைக்குப் போகும், பெட்டி தனியாகப் போகும், லென்ஸ்கள் கொச்சியில் ஒருவரிடம் போகும், அவர் அவற்றைக் கம்பியில் கோத்து ஹோட்டல்களில் தொங்கவிடும் விளக்கு செய்கிறார். தூத்துக்குடிப் பெட்டி அப்படித்தான் போயிற்று. ஜூலை இருபத்திரண்டு. சண்முகவடிவு என்று ஒரு அம்மாள், கண்ணாடிக் கடை வைத்திருந்தவரின் மனைவி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொரு லென்ஸாகத் துடைத்து வைப்பாராம். நான் பார்த்துவிட்டுப் பதினொன்று என்றேன். “இருக்காதும்மா, அவுக ஒரு கீறல்கூட விழவிட மாட்டாவளே” என்றாள். நான் நோட்டைக் காட்டினேன். என் நோட்டில் எண்கள் நேர்வரிசையாக இருக்கும், பார்க்கிறவர்கள் அதை மறுத்துப் பேச மாட்டார்கள். அவள் பெட்டியை மட்டும் ஒருதரம் முந்தானையால் துடைத்தாள். அதற்கு முன் ஜூனில் மதுரையில் பார்த்தது, பழுது பூஜ்யம். அதற்கு முன் பதினாறு வருடத்தில் எந்தப் பெட்டியிலும் நான்குக்கு மேல் எழுதியதில்லை. தூத்துக்குடியில் பதினொன்று, இங்கே நூற்று நாற்பத்தாறுக்குள் பத்து. அங்கே கடல் காற்று என்று நினைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் எங்கே கடல்.

இந்த எண்ணத்தை இதோடு நிறுத்த வேண்டும். இது எங்கே போய் முட்டும் என்று தெரியும், தெரிந்துதான் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், அதற்காகத்தான். அதற்காக மட்டும்தானா. ஜன்னலில் கம்பிகள் இருக்கின்றன, எட்டோ ஒன்பதோ. வந்தவுடன் எண்ணியிருக்க வேண்டிய ஆள் நான், எந்த அறைக்குள் போனாலும் கம்பியை எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன், இந்த அறையில் எண்ணவில்லை. வீட்டிலும் கொஞ்ச நாளாக எண்ணவில்லை. தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார், ஜெபமணி சார், நான் கடையில் இருந்த காலத்தில் வருவார். ஒருநாள் வந்து, நீ போட்டுக் கொடுத்த கண்ணாடி சரியில்லை, கோடு போட்ட நோட்டில் கோடெல்லாம் நடுவில் குழிந்து தெரிகிறது என்றார். நான் லென்ஸை அசைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. முதலாளி மாற்றிக் கொடு என்றார், மாற்றினேன். பத்து நாளில் திரும்பி வந்தார், அதே குழி. மறுபடி மாற்றினோம். மூன்றாம் தடவை, வெட்கத்தை விட்டு நான் சொன்னேன், “கண்ணாடி சரியாத்தான் இருக்கு சார், கண்ணை ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருங்க.” “எட்டாங்கிளாஸ் படிச்சவ எனக்குச் சொல்லுதியா” என்று கத்திவிட்டு, ஆனாலும் போனார். கண்ணுக்குள்ளே, நடு இடத்தில், விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்திருக்கிறது. மூன்று மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு சார் எதிரே வருகிற ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார், காதைப் பார்த்துப் பேசுவார், ஓரத்தில்தான் தெரியும் என்பார். நடுவில் என்ன இருக்கு சார் என்று ஒருநாள் கேட்டேன். “ஒண்ணும் இல்ல கிருபை. கருப்புகூட இல்ல. ஒண்ணுமே இல்ல” என்றார். முதல் தடவையே அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்துதான் இருந்தது, வாய் வரவில்லை. கோணல் தெரிந்தால் எல்லாரும் முதலில் கண்ணாடியைத்தான் சந்தேகப்படுவார்கள். அவர் தலைமையாசிரியர், அவருக்குத் தெரியாது. நான் கண்ணாடிக் கடைக்காரி.

இல்லை, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நேற்றுக்கூட அரிசியில் கல் பொறுக்கினேன், ஏழு கல். காலையில் சந்திப்பில் பஸ் போர்டு படித்தேன். படித்தேனா, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேனா. கேட்டேன். அது வெயில் கூசியதால். கோயிலில் பாட்டுப் புத்தகத்தில் நடு எழுத்து மட்டும் கலைந்து போனது, அது அச்சு மோசம். ஊசியில் நூல் கோக்க நேரமாகிறது, வயதாகிவிட்டது, யாருக்குத்தான் ஆகவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றும் வித்தியாசமில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிக்கொடுத்துவிடும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். நான் தனியாக இருக்கிறேன். அடுப்பு பற்றியிருக்கிறதா இல்லையா என்று நடு நெருப்பைப் பார்க்க முடியாமல் ஓரத்தை மட்டும் பார்த்துச் சமைப்பது எப்படி. யாராவது கையைப் பிடித்து என்னை ரோடு தாண்டவைப்பார்களா. என் கையைப் பிடித்து யாரும் எங்கும் கூட்டிப்போனதில்லை, அப்படிப் போக எனக்குத் தெரியாது, நான் கூச்சத்தில் விழுந்துவிடுவேன். உள்ளங்கை வேர்த்து வளையம் வழுக்குகிறது. லென்ஸைத் துணியின் மேல் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைக்கிறேன். கீழே போட்டு உடைத்தால் அது நிஜமாகவே பதினொன்று ஆகிவிடும். அப்படியாவது உடைந்தால் தேவலை என்று ஒரு நினைப்பு வருகிறது, வந்ததும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பார்த்துவிடலாம். இடது கண்ணை மூடினேன், லென்ஸைத் தூக்கினேன். சிலுவை. குறுக்குக் கோடு. நடுவில் முடி விழுந்த வளைவு. பதினொன்று. சரி, எழுதிவிட வேண்டியதுதான், பென்சிலை எடுக்க வேண்டியதுதான், பெட்டியை உடைக்க வேண்டியதுதான், கொச்சிக்காரர் வந்து கம்பியில் கோப்பார். ஆனால் கை கேட்கவில்லை, பழக்கத்தில் தானாக லென்ஸை வலப்பக்கம் அசைத்தது. கோடு இடப்பக்கம் ஓடியது, ஒழுங்காக, எவ்வளவு ஓட வேண்டுமோ அவ்வளவு. வளைவு ஓடவில்லை. லென்ஸில் உள்ள நெளிவு லென்ஸோடு போக வேண்டும். சட்டையில் உள்ள கறை சட்டையோடு போவது மாதிரி. இது போகவில்லை. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேல் நுனியைப் பார்த்தேன், மேல் நுனி வளைந்தது. கீழே பார்த்தேன், கீழே. லென்ஸை மடியில் இறக்கினேன். வெறும் கண், வெறும் அட்டை, நடுவில் எதுவும் இல்லை. வளைந்திருந்தது. காலையில் நான் அளவுகோல் வைத்து இரண்டு தடவை மை தீட்டிய கோடு அது. கோடு வேகமாக ஓடும் பவர் கூடிய லென்ஸ்களில் இந்த வளைவு எனக்குப் பிடிபடாமல் தப்பியிருக்கிறது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதைச் செய்யாமல் எழுந்து ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. நாற்பத்தெட்டு வருடமாக இடது கண்ணை மூடியே வேலை செய்தவளுக்கு வலது கண்ணை மூடுவது செருப்பைக் கால் மாற்றிப் போடுவது போல, முகமெல்லாம் கோணிக்கொண்டது, கடைசியில் கையால் பொத்தினேன். இடது கண்ணில் கோடு நேராக நின்றது. நேராக, மெலிதாக, கருப்பாக. எவ்வளவு அழகான கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன, பகல் பதினொன்றரை மணி, வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திரும்பினேன். ஜன்னல் கம்பி ஒன்பது. கையை எடுத்து மற்றதைப் பொத்தினேன். நடுக் கம்பி தண்ணீருக்குள் நிற்பது போல நெளிந்தது, பார்வையைப் பக்கத்துக் கம்பிக்கு மாற்றினால் அது நெளிந்தது. ஒன்பதும் ஒவ்வொன்றாக, நான் பார்த்தவுடன்.

ஜூலை இருபத்திரண்டிலிருந்து அக்டோபர் ஒன்பது வரை. ஜூலையில் ஒன்பது, ஆகஸ்டில் முப்பத்தொன்று, செப்டம்பரில் முப்பது, இதில் ஒன்பது. எழுபத்தொன்பது நாள். மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை, பதின்மூன்று நாள் குறைவு. டாக்டர் சொன்ன மூன்று மாதம் சரியாக மூன்று மாதம்தானா, பேச்சுக்குச் சொன்னதா. பதின்மூன்று நாள் எனக்கு மிச்சமா, அல்லது எல்லாம் முடிந்துபோய்விட்டதா. இப்போதெல்லாம் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்களாம், கண்ணைத் திறந்துவைத்தபடியே. அதை நினைத்ததும் இமை தானாக மூடிக்கொள்கிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம். சொல்லாமலே இருக்க வழி இருக்கிறது, நல்ல வழி, யாருக்கும் நஷ்டமில்லாத வழி. அழிரப்பரை எடுத்து நோட்டில் பத்து ‘நெ’யையும் அழித்துவிட்டு, இடது கண்ணால் முதலிலிருந்து பார்த்துவிடலாம், பெட்டி முழுசாகக் கோயம்புத்தூர் போய்விடும், டீச்சருக்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம். இடது கண்ணை வைத்து இன்னும் எத்தனை வருடமோ பார்க்கலாம். ஜெபமணி சாருக்கு முதலில் ஒரு கண்தான், மற்றது அடுத்த வருடம். தூத்துக்குடி அம்மாளுக்கு யார் போய்ச் சொல்வது. சொல்லி என்ன, லென்ஸ் எல்லாம் எந்த ஹோட்டல் கூரையிலோ ஓட்டை போட்டுத் தொங்குகிறது, திரும்பப் பார்க்க முடியாது, பதினொன்றில் ஒன்றாவது நிஜமான பழுதா என்றுகூட இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அவள் இருக்காதும்மா என்றாள். நான் நோட்டைக் காட்டினேன். அந்தப் பக்கத்தை இப்போது நினைத்தால் எண்கள் எல்லாம் நேராகத்தான் நிற்கின்றன, ஒன்றுகூடக் கோணவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. சொன்னால் இந்த வேலை இன்றோடு போயிற்று. சொல்லாவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டேன், என்னை எனக்குத் தெரியும், நாளைக்கு என்பேன், பண்டிகை கழியட்டும் என்பேன், பதின்மூன்று நாளும் இப்படியே துடைத்துத் துடைத்துப் போய்விடும்.

“என்னட்டி, தூங்கிட்டியா” என்று டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பின்னால் நாகமாணிக்கம், கையில் காபி டம்ளர். அட்டையைக் கிழித்து மடியில் வைத்திருந்தேன், எப்போது சுவரிலிருந்து எடுத்தேன் என்று ஞாபகமில்லை. “ஒண்ணும் அவசரமில்லீங்கம்மா” என்றார் அவர், “வண்டிக்காரனுக்குச் சொல்லோணும், பெட்டியாக் கட்டறதா, பிரிச்சுக் கட்டறதான்னு. அதுக்குத்தான் கேக்கறேன். பழுது எத்தனைங்க?” டீச்சர் குறுக்கே விழுந்தாள், “எங்க அண்ணன் பெட்டியில பழுதா? அவன் பொண்டாட்டிகூட அதைத் தொட்டதில்ல. சொல்லுட்டி, சபையில வாயத் தொற.” நான் நோட்டைப் பார்த்தேன். பத்து என்று சொன்னால் போதும், பெட்டி பிழைத்துவிடும். பூஜ்யம் என்றும் சொல்லலாம். வாழ்க்கையில் தப்பான எண்ணைத் தெரிந்தே நான் சொன்னதில்லை, தெரியாமல் சொன்னேன், அதுவே இவ்வளவு ஆகியிருக்கிறது. “ஒண்ணு” என்றேன். அவர் முகம் மலர்ந்தது, மலர்ந்திருக்க வேண்டும், நான் அவர் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைக் கவனித்ததும் உடம்பு குளிர்ந்துவிட்டது. “ஒண்ணே ஒண்ணுதானுங்களா! எந்த லென்சுங்க?” “லென்சு இல்லைங்க” என்றேன். “என் வலது கண்ணு.”

டீச்சர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவர் டம்ளரை அலமாரி மேல் வைக்கப் போய், அது பழைய மரம் என்று ஞாபகம் வந்து, கையிலேயே வைத்துக்கொண்டார். யாராவது ஏதாவது பேசிவிட்டால் மீதியைச் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது, அதனால் அவசரமாகச் சொன்னேன், இவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். “நூத்தி நாப்பத்தாறு பாத்திருக்கேன், எல்லாத்தையும் அடிச்சிருங்க, வேற ஆளை வச்சு மொதல்ல இருந்து பாக்கணும். தூத்துக்குடிப் பெட்டியில பதினொண்ணுன்னு எழுதிக் குடுத்தேம்லா, அதுவும் இந்தக் கண்ணுதான். அந்தம்மா சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. எழுபத்தொம்பது நாளாச்சு.” அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு, “அதை நாந்தானுங்களே பிரிச்சு வித்தேன்” என்றார், என்னைப் பார்த்து அல்ல, பெட்டியைப் பார்த்து. டீச்சர் என் முன்னால் வந்து குனிந்தாள், அவள் மூச்சில் காபி மணந்தது, அவ்வளவு பக்கத்தில் இருந்தும் வலது கண்ணில் அவள் மூக்கு கலங்கித்தான் தெரிந்தது. “இதையும் எண்ணிக்கிட்டா உக்காந்திருந்த, பாவி? எழுபத்தொம்பதாம்லா. எந்திரி. செருப்பைப் போடு. பன்னெண்டு மணிக்கு மேல டோக்கன் குடுக்க மாட்டான்.” எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை. எழுந்தேன், மேசையைப் பிடித்துக்கொண்டேன். “ஊசி போடுவாங்களா டீச்சர்?” என்று கேட்டேன், என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்தது. “போட்டா போடட்டும்” என்றாள். “எத்தனைன்னு நான் எண்ணுதேன். நீ கண்ணைத் தொறந்துக்கிட்டு இரு.”